எட்டாம் வகுப்பு ஏறிப்போன லாரி



இந்த இதழின் நடுப்பக்கத்தில் ஒரு சுவர் வரைபடத்தின் படம் இருக்கிறது. அதில் சிவப்பு நூல் ஒன்று தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. இடையிடையே குண்டூசி, குண்டூசிக்குப் பக்கத்தில் பென்சில் கிறுக்கல்: ‘டயர் பஞ்சர்’, ‘இங்க தயிர் நல்லாருக்காம்’, ‘பனி, ஒண்ணும் தெரியல’. அச்சுக்காக அதைத் திருத்தி வரையலாமா என்று எங்கள் ஓவியர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வரைபடம் தொங்குவது பரமத்தி வேலூர் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பில். வகுப்பறை ஜன்னலில் நின்றால் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்கும். ஊர்ப் பெரியவர்களுக்கு அது இன்னமும் ‘ஏழாம் நம்பர் ரோடு’தான், 2010-இல் எண்களை மாற்றியபோது பழைய ஏழின் பெரும்பகுதி இந்த 44-க்குள் போய்விட்டது. கன்னியாகுமரியில் தொடங்கி ஸ்ரீநகர் வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல் போகிற சாலை. பிள்ளைகள் தினமும் அதைக் கடந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள். ஆனால் கேட்டால், வடக்கே நாமக்கல், தெற்கே கரூர் என்பதற்கு மேல் அது எங்கே போகிறது என்று சொல்லத் தெரியாது. இது பிள்ளைகளின் குறையல்ல. தினமும் பார்க்கிற சாலையைப் பற்றி யார்தான் கேட்கிறார்கள்?

அமெரிக்காவில் 1992-இல் கேரி கிங் என்ற லாரி ஓட்டுநர் ஒரு பள்ளி வகுப்புக்கு வழியிலிருந்து அஞ்சலட்டைகள் எழுதத் தொடங்கினார். ‘டிரக்கர் படி’ (Trucker Buddy) என்ற பெயரில் அது வளர்ந்து, ஓர் ஓட்டுநருக்கு ஒரு வகுப்பு என்று பல ஊர்களுக்குப் பரவியது. இதை நம் பத்திரிகையில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு அந்தப் பள்ளியின் சமூக அறிவியல் டீச்சர் போன் செய்தார். “நம்ம ஊர்ல லாரிக்கா பஞ்சம்?” என்றார். நாமக்கல் வட்டாரத்தில் அதற்கு மறுபேச்சு ஏது!

ஓட்டுநர் ஒருவர் கிடைத்தார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பிள்ளைகள் அழைக்கிறபடியே டிரைவர் மாமா. பொங்கல் முடிந்து சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றினார். நாக்பூரில் இறக்கிவிட்டு ஆரஞ்சு ஏற்றி டெல்லி, அங்கிருந்து மளிகைச் சரக்கோடு ஸ்ரீநகர், திரும்பும்போது ஆப்பிள். ஜவ்வரிசி எதற்கு நாக்பூர் போகிறது என்பதுதான் வகுப்பின் முதல் கேள்வி. நம் பக்கம் பாயசத்துக்கும் வடாமுக்கும் மட்டும் என்று நினைத்திருந்தார்கள். மராட்டியத்தில் விரத நாளில் அரிசி, கோதுமையைத் தொடாதவர்கள் ஜவ்வரிசிக் கிச்சடிதான் சாப்பிடுகிறார்கள் என்றும், நம் ஊர் மரவள்ளிக்கிழங்குக்கு அங்கேதான் பெரிய சந்தை என்றும் டிரைவர் மாமா குரல்பதிவு அனுப்பினார். மரவள்ளி போட்டிருக்கிற வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்ததாக டீச்சர் சொன்னார்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தோம்: வண்டி ஓடும்போது போன் கிடையாது. நிறுத்திய இடத்தில்தான் பேச்சு. கூடவே ஒரு கட்டு அஞ்சலட்டை. இன்றும் ஐம்பது பைசாதான். தினமும் வீடியோ அனுப்பலாமே என்று நான்தான் ஆசைப்பட்டேன். வந்த ஒன்றிரண்டைப் பிள்ளைகள் பார்த்துவிட்டு, “ரோடு மாதிரிதான் சார் இருக்கு” என்று விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியதெல்லாம் வேறு. யார் பாத்திரம் கழுவுவார்கள்? தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள்? ரோட்டோரம் சமைக்கும்போது நாய் வராதா? ரசத்துக்குத் தக்காளி எந்த ஊரில் மலிவு? கர்னூலில் துங்கபத்திரையைத் தாண்டினேன், நிர்மல் பக்கம் கோதாவரியைத் தாண்டினேன், பர்மானில் நர்மதையைத் தாண்டினேன் என்று அவர் சொல்லச் சொல்ல, தண்ணீர் ஓடுகிறதா, மணல்தான் கிடக்கிறதா என்று கேட்டு எழுதிவைத்திருக்கிறார்கள். காவிரிக்கரைப் பிள்ளைகள் அல்லவா, வேறெதைக் கேட்பார்கள்!

நாக்பூருக்கு எப்போது போய்ச் சேருவார் என்று டீச்சர் கணக்குப் போட்டார். மணிக்கு அறுபது, ஒரு நாளுக்கு இத்தனை மணி என்று கரும்பலகையில் எழுதி, ஒன்றரை நாள் என்றார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் சிரித்தான். அவன் அப்பாவும் லாரி ஓட்டுகிறவர். வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவன். “டோல்கேட்டு, செக்போஸ்ட்டு, டயரு, தூக்கம் இதெல்லாம் ஆரு கணக்குல டீச்சர்?” என்றான். அன்றிலிருந்து தூரமும் நேரமும் அவன் பொறுப்பு. அவன் சொன்ன நாளில்தான் வண்டி நாக்பூர் சேர்ந்தது.

இனி நிழல் கணக்குக்கு வருகிறேன். இந்த இதழில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

44-ஆம் எண் சாலைக்கு ஒரு விசேஷம் உண்டு. அங்கே இங்கே வளைந்தாலும், ஆக்ரா வரைக்கும் அது 78-ஆம் தீர்க்கரேகையை விட்டு அதிகம் விலகுவதில்லை. 1802-இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தன் நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், பிறகு குமரிமுனையிலிருந்து வடக்கே அளந்துகொண்டே போனதும் ஏறத்தாழ இதே கோட்டில்தான். 1823-இல் அவர் இறந்த ஹிங்கன்காட், நாக்பூருக்கு முன்னால் இதே சாலையில் வருகிறது. டிரைவர் மாமா அதைக் கடந்தது நடுராத்திரி. கல்லறையைத் தேடச் சொல்வது நியாயமில்லை.

ஒரே தீர்க்கரேகைப் பக்கம் இருப்பதால் பரமத்தி வேலூரில் சூரியன் உச்சிக்கு வரும்போது லாரி நிற்கிற இடத்திலும் ஏறக்குறைய உச்சிதான். அறிவியல் டீச்சர் இதைப் பிடித்துக்கொண்டார். ஒரு மீட்டர் கம்பி பள்ளியில் ஒன்று, லாரியில் ஒன்று. செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்கக் கிளீனர் ஒரு நூலில் போல்ட் நட்டைக் கட்டித் தொங்கவிட்டார். பன்னிரண்டே காலிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை நிழலின் நுனியில் சாக்பீஸ் புள்ளி வைத்துக்கொண்டே வர வேண்டும். எது குட்டையோ அதுதான் கணக்கு. உச்சி பன்னிரண்டு மணிக்கு வராமல் பன்னிரண்டரையை ஒட்டி வந்ததில் பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம். நம் கடிகாரம் ஓடுவது கிழக்கே 82½ டிகிரிக்கு. நமக்குச் சூரியன் தாமதமாகத்தான் வருவார், ஜனவரியில் இன்னும் கொஞ்சம் தாமதம்.

குடியரசு தினத்தன்று லாரி குவாலியருக்கு வெளியே நின்றது. இங்கே கொடியேற்றி மிட்டாய் வாங்கிய பிறகும் எட்டாம் வகுப்பு வீட்டுக்குப் போகவில்லை. பள்ளி மைதானத்தில் நிழல் 57 சென்டிமீட்டர். சற்று நேரத்தில் போன் வந்தது. “கண்ணுகளா, குச்சியும் ஒரு மீட்டரு, நெழலும் ஒரு மீட்டரு. டேப்பு தப்பா, நான் தப்பா?”

இரண்டும் தப்பில்லை. வரைபடத் தாளில் முக்கோணம் போட்டுப் பாகைமானி வைத்தார்கள். அங்கே 45 டிகிரி, இங்கே 30-க்குக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் 15 டிகிரி என்றால் முழு வட்டத்தில் 24-இல் ஒரு பங்கு. சுவர் வரைபடத்தில் நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே நேர்கோட்டில் 1,650 கிலோமீட்டர். இருபத்துநாலால் பெருக்கினால் 39,600. பூமியின் சுற்றளவு 40,000-ஐ ஒட்டியது என்று புத்தகத்தில் இருக்கிறது. எகிப்தில் 2,200 ஆண்டுகளுக்கு முன்பு எரட்டோஸ்தனிஸ் செய்த காரியம் இது. இங்கே அதைச் செய்து முடித்தது ஒரு நூலும் போல்ட் நட்டும் ஆரஞ்சு லாரியும். லாரி மீட்டரில் அதைவிட ஏன் அவ்வளவு அதிகமாகக் காட்டுகிறது என்று ஒரு பெண் கேட்டாள். சாலை வளைவதைப் பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் பேச்சு ஓடியிருக்கிறது.

அதற்குப் பிறகு நிழலே கிடைக்கவில்லை. சம்பல் நதியை நெருங்கியதும் மூடுபனி. பாலத்தில் நின்று முதலை பார்க்கச் சொல்லியிருந்தார்கள் பிள்ளைகள், அங்கே நீண்ட மூக்கு முதலைகளுக்குச் சரணாலயம் இருக்கிறது. “முன்னாடி போற வண்டியோட சிவப்பு லைட்டே தெரியலீங்க கண்ணு, மொதலை எங்க தெரியும்?” என்று பதில் வந்தது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு டோல்கேட் பக்கம் வண்டியை ஓரங்கட்டி விடிந்து வெகுநேரம் வரை காத்திருந்ததாகச் சொன்னார். பஞ்சாபைக் கடந்து ஜம்முவைத் தாண்டி உதம்பூர் போனபோது சாலையையே மூடிவிட்டார்கள். ராம்பன் பக்கம் மலை சரிந்திருந்தது. குளிர்காலத்தில் அந்த வழியில் இது வாடிக்கை.

இங்கேதான் எனக்குக் கவலை. வண்டி நகராவிட்டால் சொல்ல என்ன இருக்கிறது, பிள்ளைகள் விட்டுவிடுவார்களே என்று நினைத்தேன். நடந்தது நேர்மாறு. வண்டி ஓடியபோது வந்ததைவிட நின்றபோதுதான் கேள்விகள் அதிகம். எத்தனை லாரி நிற்கிறது, அவர்களெல்லாம் எந்த ஊர், அரிசி தீர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள், கம்பளி இருக்கிறதா? பக்கத்து வண்டி பஞ்சாப்காரருக்கு இவர் சாம்பார் கொடுத்தாராம், அவர் சோள மாவு ரொட்டி கொடுத்தாராம். மலை ஏன் சரிகிறது என்று அறிவியல் டீச்சர் இரண்டு பாடவேளை நடத்தினார். அது பாடத்திட்டத்தில் அந்த மாதம் இல்லை. தலைமையாசிரியர் கண்டுகொள்ளவில்லை, அவருக்கும் வண்டி கிளம்பிவிட்டதா என்று தெரிய வேண்டியிருந்தது.

சாலை திறந்த அன்று செனானி–நாஷ்ரி சுரங்கப்பாதை. 9 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 2017-இல் திறந்தது. அதற்கப்புறம் பனிஹால்–காசிகுண்ட், அதுவும் எட்டரை கிலோமீட்டர். உள்ளே தும்மினால் எதிரொலிக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார்கள். தும்மல் வரவில்லை என்று பதில்.

இந்த மாதிரி முயற்சிகளைப் பற்றி எழுதும்போது உடனே ‘மாதிரிப் பள்ளி’, ‘புதுமைக் கற்பித்தல்’ என்று பட்டம் கட்டுவது பத்திரிகை வழக்கம். அந்த டீச்சர்கள் இருவருக்கும் அதில் விருப்பமில்லை, எனக்கும்தான். போட்டி, பரிசு, சான்றிதழ் எதுவும் வைக்கப்போவதில்லை.

ஆனால் இன்னும் சில வகுப்புகளுக்கு இப்படி ஓர் ஆள் கிடைத்தால் நன்றாயிருக்கும். நெடுந்தூர ரயிலில் கார்டாக இருப்பவர்கள், அரசு விரைவுப் பேருந்து நடத்துநர்கள், தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போகிறவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் உண்டு என்று உங்கள் கடிதங்களிலிருந்து தெரியும். ஒரு வகுப்புக்கு எழுத மனமிருந்தால் உங்கள் வழித்தடத்தையும் மாதத்தையும் குறித்து அனுப்புங்கள். பள்ளிகள் வகுப்பையும், பிள்ளைகள் கேட்க நினைக்கிற முதல் ஐந்து கேள்விகளையும் எழுதி அனுப்பட்டும். ஆசிரியர் திருத்தாத கேள்விகளாக இருக்கட்டும். ஓட்டுகிறவர்களுக்கு நம் ஒரே சட்டம் இங்கும் பொருந்தும்: வண்டி நின்ற பிறகுதான் போன்.

பிள்ளைகளின் கேள்விகளும் டிரைவர் மாமாவின் பதில்களும் 22-ஆம் பக்கத்திலிருந்து தொடங்குகின்றன. ரசம் வைக்கும் முறையும் உண்டு, மூன்று பேருக்கான அளவில்.

அன்புடன்,
ஆசிரியர்