ஒரு துண்டுக் காகிதத்தில் அணுகுண்டு அடங்காது

ஓப்பன்ஹைமர் படம் வந்ததிலிருந்து ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. அமெரிக்கா அணுகுண்டைக் கண்டுபிடித்தது, ரஷ்யா அதைத் திருடியது. உளவாளிகள் காட்டிக்கொடுக்காமல் இருந்திருந்தால் சோவியத் யூனியன் இன்னும் இருபது வருஷம் காத்துக்கிடந்திருக்கும் என்கிறார்கள்.

இது புதிய பேச்சு இல்லை. 1951 ஏப்ரல் 5 அன்று நியூயார்க்கில் சோவியத்துக்கு உளவு பார்த்ததாக ஜூலியஸ், எத்தல் ரோசன்பர்க் தம்பதிக்கு மரண தண்டனை விதித்த நீதிபதி இர்விங் காஃப்மன் சொன்ன காரணமே இதுதான். அவர்கள் செய்தது கொலையைவிடக் கொடியது என்றார். தலைசிறந்த விஞ்ஞானிகள் கணித்ததற்குப் பல ஆண்டுகள் முன்பே ரஷ்யாவின் கைக்குக் குண்டு போனது இவர்களால்தான், கொரியப் போரில் மாண்டும் காயம்பட்டும் போன 50,000 பேருக்கு மேற்பட்டோரின் கணக்கும் இவர்கள் தலையில்தான் என்றார். இரண்டு உயிர்களை எடுத்த வாதம் இது. ஒவ்வொரு வரியாக உரசிப் பார்க்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

திருடாமல் ரஷ்யர்களால் செய்திருக்கவே முடியாது என்பது முதல் வரி. அணுக்கருவைப் பிளக்க முடியும் என்ற செய்தி 1939 ஜனவரியில் ஜெர்மன் அறிவியல் இதழில் பகிரங்கமாக அச்சாகிவிட்டது. மறு ஆண்டே, யுரேனியம் தானாகவும் பிளவுபடுகிறது என்பதை லெனின்கிராட்டில் ஃப்ளியோரவ், பெட்ர்ஷாக் என்ற இரண்டு இளைஞர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த ஃப்ளியோரவ் 1942 தொடக்கத்தில் விமானப்படை லெஃப்டினன்ட்டாக வரோனெஷ் நகரில் இருந்தார். ஓய்வு கிடைத்தபோது அங்கிருந்த பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் அமெரிக்க இயற்பியல் இதழ்களைப் புரட்டினார். அணுப்பிளவு பற்றி ஒரு கட்டுரைகூட இல்லை. இரண்டு வருஷம் முன்பு அதைப் பற்றியே எழுதிக் குவித்தவர்கள் ஒருவர் விடாமல் வாயை மூடியிருந்தார்கள். அமெரிக்கா குண்டு செய்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார். எந்த உளவாளியும் அவரிடம் வரவில்லை. காலியாக இருந்த பக்கங்களே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டன.

மிச்சமிருந்த பெரிய ரகசியம் ஒன்றுதான்: குண்டு வெடிக்குமா? அதற்கு ஹிரோஷிமா பதில் சொல்லிவிட்டது. சில நாட்களில், 1945 ஆகஸ்ட் 12 அன்று, அமெரிக்க அரசே ஸ்மைத் அறிக்கையை வெளியிட்டது. எந்தெந்த வழிகளில் யுரேனியத்தைப் பிரித்தோம், புளூட்டோனியத்தை எப்படி உண்டாக்கினோம் என்ற பொதுவான வரலாறு அதில் இருந்தது. அதை ரஷ்ய மொழியிலும் பெயர்த்துப் படித்தார்கள்.

இதற்குமேல் தேவைப்பட்டது யுரேனியம், தொழிற்சாலை, ஆட்கள். இதை ஒரு காகிதத்தில் எழுதி யாரும் கடத்த முடியாது. ஜெர்மனியில் கைப்பற்றிய நூறு டன்னுக்கு மேற்பட்ட யுரேனியம் முதலில் கைகொடுத்தது. பிறகு செக்கோஸ்லோவாக்கியாவிலும் கிழக்கு ஜெர்மனியிலும் மத்திய ஆசியாவிலும் சுரங்கங்களைத் தோண்டினார்கள். கட்டுமான வேலைகளுக்குக் கைதிகளை இறக்கினார்கள். யூரல் மலைப்பக்கம் செல்யாபின்ஸ்க்-40 என்ற மூடிய நகரில் புளூட்டோனியம் ஆக்கும் உலை 1948 ஜூனில் இயங்கத் தொடங்கியது. அடுத்த ஜனவரியில் உள்ளே இருந்த அலுமினியக் குழாய்கள் அரித்துக் கசிந்தன. மாற்று யுரேனியம் கையில் இல்லை. கதிரியக்கம் ஏறிய யுரேனியத் துண்டுகளை வெளியே எடுத்து, எது கெட்டது எது தேறும் என்று கண்ணால் பார்த்துப் பிரித்தார்கள். திட்டத்தின் அறிவியல் தலைவர் இகோர் குர்ச்சாட்டவே அந்தக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார். எத்தனையோ தொழிலாளர்கள் வாங்கிக்கொண்ட கதிர்வீச்சுக்கு ஈடே கிடையாது. பக்கத்திலிருந்த தேச்சா ஆற்றில் கழிவை விட்டார்கள். கரையோர கிராமங்கள் அதன் விளைவை இன்றுவரை சுமக்கின்றன. திருடினார்கள் என்று ஒரு சொல்லில் முடிப்பவர்கள் இந்த மனிதர்களையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வலிப்பது அதுதான்.

ஒரு கணக்கையும் பார்த்துவிடலாம். சிகாகோவில் ஃபெர்மியின் முதல் உலை 1942 டிசம்பர் 2 அன்று இயங்கியது. முதல் குண்டு 1945 ஜூலை 16 அன்று வெடித்தது. மாஸ்கோவில் குர்ச்சாட்டவின் முதல் உலை 1946 டிசம்பர் 25 அன்று இயங்கியது. முதல் குண்டு 1949 ஆகஸ்ட் 29 அன்று வெடித்தது. இரண்டுக்கும் ஏறத்தாழ இரண்டு வருஷம் எட்டு மாதம்.

உளவு நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. நடந்தது. அமெரிக்கா அணுகுண்டை உருவாக்கிய லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த இயற்பியலாளர் கிளாஸ் ஃபுக்ஸ் நாகசாகி வகைக் குண்டின் அமைப்பைத் தெளிவாக எழுதிக் கொடுத்தார். சோவியத்தின் முதல் குண்டு அதன் நகலே. தங்கள் சொந்த வடிவமைப்பு கையில் இருந்தும், நிச்சயமாக வெடிக்கும் என்பதால் அந்த நகலை முதலில் செய்தார்கள். சொந்தக் குண்டு எடை குறைந்தது, கூடுதல் வலு உள்ளது, 1951இல் வெடித்தது. உளவால் ஒன்றிரண்டு வருஷம் மிச்சமாகியிருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்கள் பலரின் மதிப்பீடு. இருபது வருஷம் என்பதற்கு இதில் இடமே இல்லை.

அப்படியானால் அந்த இருபது எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் அணுகுண்டு முயற்சியான மன்ஹாட்டன் திட்டத்தை நடத்திய ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸிடமிருந்து. உலகத்தின் நல்ல யுரேனியத்தை எல்லாம் வளைத்துப் போட்டுவிட்டோம், ரஷ்யாவிடம் எதுவும் இல்லை என்று அவர் நம்பினார். அணு எரிபொருளுக்கான அந்த வேட்டையில் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலும் கணக்கில் இருந்தது; அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்த அந்தக் கரையின் மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. விஞ்ஞானிகளோ வேறு மாதிரி சொன்னார்கள். வானெவர் புஷ்ஷும் ஜேம்ஸ் கோனன்ட்டும் 1944 செப்டம்பரிலேயே, இந்த முன்னிலை மூன்று நான்கு வருஷத்துக்குமேல் தாங்காது என்று போர்த்துறைச் செயலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து வருஷம் என்றார் ஹான்ஸ் பெத்தே. தலைசிறந்த விஞ்ஞானிகள் என்று காஃப்மன் சொன்னாரே, அத்தகைய விஞ்ஞானிகள் சொன்னபடிதான் நடந்தது. மாறாக சிஐஏ, 1949 செப்டம்பர் 20 தேதியிட்ட குறிப்பில், ரஷ்யா குண்டு செய்ய அதிக வாய்ப்புள்ள காலம் 1953 நடுப்பகுதி என்று எழுதியது. அன்றைக்கு அந்தக் குண்டு வெடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அடுத்து, ரோசன்பர்க் தம்பதி கொடுத்தது என்ன? ஜூலியஸ் சோவியத்துக்கு உளவு பார்த்தார். அமெரிக்கா இடைமறித்துப் படித்து, பிற்பாடு வெளியிட்ட சோவியத் தந்திகளான வெனோனா ஆவணங்கள் அதைக் காட்டுகின்றன. ஆனால் அணுகுண்டு என்று நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது, எத்தலின் தம்பி டேவிட் கிரீன்கிளாஸ் நினைவிலிருந்து கையால் வரைந்த படம். அவர் லாஸ் அலமோஸ் பட்டறையில் வேலை பார்த்த இயந்திரத் தொழிலாளி. வழக்குரைஞர்கள் அந்தத் தாளைக் கண்டு எவ்வளவு மிரண்டார்கள் என்றால், அதை மூடி முத்திரையிட வேண்டும் என்று கேட்டவரே ரோசன்பர்க் தரப்பு வக்கீல் இமானுவேல் பிளாக்தான். அப்படிக் கேட்டதன் மூலம் அது மகா ரகசியம் என்று எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்டதாகிவிட்டது. 1966இல் முத்திரை திறந்தபோது, நாகசாகிக் குண்டின் மையப்பகுதியில் வேலை செய்த இயற்பியலாளர் ஃபிலிப் மோரிசன் படத்தைப் பார்த்துவிட்டு, இது கேலிச்சித்திரம், பிழைகள் நிறைந்தது என்றார். உண்மையில் பயனுள்ள தகவல் கொடுத்த ஃபுக்ஸுக்கு பிரிட்டனில் கிடைத்தது 14 ஆண்டுச் சிறை. அதே லாஸ் அலமோஸிலிருந்து தகவல் கொடுத்த இன்னொரு இயற்பியலாளர் தியோடர் ஹால் கடைசிவரை வழக்கையே சந்திக்கவில்லை.

எத்தலுக்கு எதிரான முக்கிய சாட்சியம், குறிப்புகளை அவர் டைப் அடித்தார் என்று தம்பி சொன்னது. அது தனக்கு உண்மையில் நினைவில்லை, தன் மனைவியைக் காப்பாற்றவே அப்படிச் சொன்னேன் என்று அந்தத் தம்பி அரை நூற்றாண்டு கழித்து ஒப்புக்கொண்டார். 1953 ஜூன் 19 மாலை சிங் சிங் சிறையில் அந்தப் பெண்ணின் உயிர் போனபோது மூத்த மகனுக்கு வயது 10, இளையவனுக்கு 6.

கொரியா பற்றிய வரிக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1950இல் அமெரிக்காவிடம் சுமார் 300 அணுகுண்டுகள் இருந்தன, ரஷ்யாவிடம் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தன. வடகொரியத் தலைவர் கிம் இல் சுங் போருக்கு அனுமதி கேட்டபோதெல்லாம் மறுத்துவந்த ஸ்டாலின் சம்மதித்ததற்குச் சீனப் புரட்சியின் வெற்றி, தென்கொரியாவிலிருந்து அமெரிக்கப் படைகள் வெளியேறியது என்று கண்முன்னே காரணங்கள் இருந்தன. குண்டும் தைரியம் கொடுத்திருக்கலாம். அதை ஒரு தம்பதியின் தலையில் கட்டுவது நீதி இல்லை.

இத்தனையும் தவறானாலும் உளவாளிகள் பற்றிய அந்தப் பயம் அமெரிக்காவைக் காத்தது என்பார்கள் சிலர். சியென் சுயேசென் கதையைக் கேட்டால் அப்படிச் சொல்ல மனம் வராது. கலிஃபோர்னியாவில் ராக்கெட் இயலை வளர்த்த முன்னோடிகளில் ஒருவர் அவர். போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக உழைத்தவர். 1950இல் கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தி, ரகசிய வேலைக்கான அனுமதியைப் பிடுங்கினார்கள். சொந்த நாடான சீனாவுக்குப் போகக் கிளம்பியவரின் பெட்டிகளைச் சுங்கத்தார் பிரித்தார்கள். ரகசியக் குறியீடுகள் அகப்பட்டுவிட்டதாகச் செய்தி பரவியது. அவை மடக்கை அட்டவணைகள், நம் பிள்ளைகள் பரீட்சைக்கு எடுத்துப்போன அதே லாக் டேபிள். ஐந்து வருஷம் கண்காணிப்பில் வைத்திருந்து, 1955இல் சீனாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஏவுகணைத் திட்டத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. 1966 அக்டோபர் 27 அன்று சீனா தன் ஏவுகணையில் நிஜமான அணுகுண்டையே பொருத்தி ஏவியது. அது இலக்கில் போய் வெடித்தது.