நிபந்தனை எழுதப்படாத தானம்

இந்தியாவில் அசையாச் சொத்தின் உரிமை கைமாறும் வழிகள் பல: கிரயம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை, உயில். சட்ட மாணவர்களின் நினைவில் இவை பிரிவு எண்களாகவே தங்கிவிடுகின்றன. ஆனால், ஒரேயொரு வீட்டை மட்டும் உடைமையாகக் கொண்ட முதியவர் ஒருவருக்குத் தானமா, உயிலா என்பது எஞ்சிய வாழ்நாளை எங்கே கழிப்பது என்ற கேள்வியாகும்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 123ஆம் பிரிவுப்படி, அசையாச் சொத்தின் தானப் பத்திரம் இரு சாட்சிகளின் சான்றொப்பத்துடன் பதிவு செய்யப்பட வேண்டும். தானம் முறைப்படி நிறைவுற்றபின், மனம் மாறியது என்ற ஒரே காரணத்தால் அதைத் திரும்பப் பெற 126ஆம் பிரிவு இடம் தருவதில்லை. உயிலோ எழுதியவரின் மறைவுக்குப் பின்னரே செயற்படுகிறது, உயிருள்ளவரை அவர் அதை மாற்றலாம், பதிவும் கட்டாயமன்று. இருந்தும் பல குடும்பங்கள் தானத்தையே நாடுகின்றன. உயிலைப் பிற வாரிசுகள் எதிர்த்து வழக்காடக்கூடும் என்ற அச்சமும், உரிமை உடனே தன் பெயருக்கு வரவேண்டும் என்ற பிள்ளையின் அவசரமும் அதற்குக் காரணங்கள்.

இந்த ஆபத்தை உணர்ந்தே 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 23ஆம் பிரிவை வகுத்தது. அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்தைப் பெற்றவர் அதை மறுத்தால், அம்மாற்றத்தைச் செல்லாததாகத் தீர்ப்பாயம் அறிவிக்கலாம். சிக்கல் 'நிபந்தனையுடன்' என்ற சொல்லில் இருக்கிறது. சுதேஷ் சிக்காரா வழக்கில் (2022) உச்ச நீதிமன்றம், அத்தகைய நிபந்தனை இருந்ததை நிறுவாமல் நிவாரணம் இல்லை என்றது. ஊர்மிளா தீட்சித் வழக்கில் (2025) சட்டத்தின் நல நோக்கத்தை முன்னிறுத்தித் தாய்க்குச் சொத்தை மீட்டளித்தது. ஆனால் அவ்வழக்கில், பராமரிப்பதாக மகன் எழுதிக் கொடுத்ததென்று தாய் முன்வைத்த உறுதிப்பத்திரம் ஒன்று இருந்தது. அப்படியொரு தாளும் இல்லாத தாயின் நிலை என்ன?

பேரம் பேசத் தெரிந்த இருவர் சமநிலையில் செய்யும் ஒப்பந்தமாகத் தானத்தைக் கருதுவதுதான் இங்குள்ள அடிப்படைப் பிழை. 'அன்பின் காரணமாக' என்ற வழக்கமான வாசகத்துடன் பத்திரம் தயாராகிறது. 'எனக்குச் சோறு போடுவாயா, எழுதிக் கொடு' என்று மகனிடம் கேட்பதை எந்தத் தாயும் அவமானமாகவே கருதுவாள். அந்தக் கூச்சத்துக்குச் சட்டம் அவளைத் தண்டிப்பது நியாயமன்று.

நிபந்தனையை ஊகித்துக்கொண்டால் சொத்துரிமையின் உறுதி குலையும், பின்னர் வாங்குபவர் பாதிக்கப்படுவார் என்ற எதிர்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. அதற்கான விடை பதிவு அலுவலகத்திலேயே இருக்கிறது. மூத்த குடிமகன் தானம் அளிக்கும்போது, பராமரிப்பு நிபந்தனை உண்டா, வாழ்நாள் உரிமை தக்கவைக்கப்படுகிறதா என்று சார்பதிவாளர் தனியாகக் கேட்டு, விடையைப் பத்திரத்திலேயே பதியச் செய்யலாம். அப்போது வாங்குபவரும் முன்னறிவுடன் வாங்குவார். வாழ்நாள் உரிமையையும் அனுபோகத்தையும் தன்னிடமே வைத்துக்கொண்டு அளிக்கும் தானம் செல்லும் என்று ரேணிகுண்ட்லா ராஜம்மா வழக்கில் (2014) உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. இவ்வழியைக் கையொப்பமிடுபவருக்கு எடுத்துரைக்கும் கடமை மட்டும் யாருக்கும் விதிக்கப்படவில்லை.

நாடாளுமன்றம் ஒரு படி மேலே செல்லலாம். மூத்த குடிமகன் தன் பிள்ளைக்கோ உறவினருக்கோ அளிக்கும் தானத்தில், மாறாக எழுதப்பட்டிருந்தாலன்றி, பராமரிப்பு நிபந்தனை உண்டென்றே கொள்ள வேண்டும் என 23ஆம் பிரிவைத் திருத்தலாம். நிபந்தனை இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை, வீட்டைப் பெற்றுக்கொண்டவரிடம் இருக்கட்டும்; வீட்டை இழந்தவரிடம் வேண்டாம்.