காற்று அழைக்கும், கரை தடுக்கும்

பாய்மரப் படகில் ஊர் சுற்றுபவர்களுக்குத் திட்டம் என்ற சொல்லே பிடிக்காது. காற்று அடிக்கும் பக்கம் போவார்கள். மனதுக்குப் பிடித்த இடத்தில் நங்கூரம் போட்டு, கரையிறங்கி நாலு நாள் கிடப்பார்கள். அந்தமானில் மட்டும் இது நடக்காது.

தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து சுமார் 400 கடல் மைல் கடந்து வரும் படகுகள், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரமாகிவிட்ட போர்ட் பிளேருக்குத்தான் முதலில் வந்தாக வேண்டும். சுங்கம், குடியேற்றத் துறை, கடலோரக் காவல் படை என்று வரிசையாகச் சோதனைகள். எந்த நாள் எந்தத் தீவு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். கடலில் இருக்கும்வரை தினமும் இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும். ஹாவ்லாக்கில் (2018 டிசம்பரிலிருந்து சுவராஜ் தீவு) இறங்கலாம். பேரன் தீவின் எரிமலையைப் படகிலிருந்தே பார்த்துத் திரும்பவேண்டியதுதான். ஜாரவாக்களின் மேற்குக் கரையும் வடக்கு சென்டினலும் 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு விதிகளின்படி வெளியாருக்கு மூடப்பட்டவை.

கெடுபிடிதான். ஆனால் அதற்கான காரணம் அதே துறைமுகத்தில், ஜங்லிகாட் மீன்பிடித் துறையின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஜங்லி' என்றால் காட்டுவாசி. தீவின் சொந்தக்காரர்களுக்கு வந்தேறிகள் வைத்த பெயர் அது. 1788-89இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் பாய்மரக் கப்பலில் இந்தக் கரையோரத்தை அளந்தார். 1858இல் கைதிகள் குடியிருப்பு வந்தது. கூடவே நோய்களும் வந்தன. 1877இல் தட்டம்மை வாரிக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர்கள் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். கரையிறங்கியவர்களால் வந்த வினை.

ஆகவே விதி தேவை. கேள்வி, அது யாரைப் பிடிக்கிறது என்பதுதான். 2018 நவம்பரில் வடக்கு சென்டினலில் உயிரிழந்த அமெரிக்கர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மீனவர்களுக்குப் பணம் கொடுத்து இரவோடு இரவாகப் போனார். 2025 மார்ச்சில் இன்னொரு அமெரிக்கர் காற்றடைத்த சிறு படகில் தனியாகப் போய் இறங்கித் திரும்பினார், கைதானது பிறகுதான். ஒழுங்காக விண்ணப்பம் கொடுப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார், கொடுக்காதவர் நழுவிவிடுகிறார்.

சுற்றுலாத் தீவுகளுக்கு வரும் படகோட்டிகளின் காகிதச் சுமையைத் தாராளமாகக் குறைக்கலாம். அதில் மிச்சமாகும் ஆட்களையும் நேரத்தையும் மேற்குக் கரைக் காவலுக்குத் திருப்பிவிடலாம். ஹாவ்லாக்கில் ஒருவர் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. சென்டினலில் ஒருவர் ஒரு மணி நேரம் இறங்கினாலும், ஒரு இருமல் போதும்.