தம்படி வியாபாரம்

லட்ச ரூபாயை ஊர் விட்டு ஊர் அனுப்புவதற்கு எத்தனையோ வழிகள் உண்டு. ஒரு ரூபாயைக் கொடுப்பதுதான் நெடுங்காலமாகப் பிரம்மப் பிரயத்தனமாயிருந்தது.

தொகை பெரிதானாலும் சிறிதானாலும் பாங்கிக்கு வேலை ஏறக்குறைய ஒன்றே. கணக்கைப் பார்க்க வேண்டும்; மோசடி உண்டா என்று சோதிக்க வேண்டும்; இரண்டு பேரேடுகளில் பதிய வேண்டும். அமெரிக்காவின் பேபால் கம்பெனி பல வருஷங்கள் வாங்கிவந்த சாதாரணக் கட்டணம், நூற்றுக்கு 2.9 வீதமும் அதற்கு மேல் 30 சென்டும். இணையத்தில் 25 சென்டுக்கு ஒரு கட்டுரையை விற்ற மனிதர், கட்டுரையையும் கொடுத்துக் கைப்பணத்தில் ஐந்து சென்டுக்கு மேலும் அழ வேண்டியதுதான்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இதற்கு ஒரு பரிகாரம் நமது மளிகைக் கடைக்காரர் அறிந்ததே: பற்று எழுதி வைத்து மொத்தமாக வசூலிப்பது. 2003-ல் பாட்டு ஒன்று 99 சென்ட் என்று கடை திறந்த ஆப்பிள் கம்பெனி, ஒருவர் வாங்கிய பல பாட்டுக்களைச் சேர்த்து ஒரே தொகையாகக் கார்டில் பற்று வைத்தது.

அமெரிக்காவிலுள்ள மிகாலி, ரிவெஸ்ட் என்ற இரு பண்டிதர்கள் 2002-ல் சொன்ன யுக்தி இன்னும் வேடிக்கையானது. நூற்றுக்கு ஒன்று வீதம் குலுக்கலில் விழும் விற்பனைக்கு மட்டும் பாங்கி நூறு மடங்கு பணம் கொடுத்துவிடும், மற்றவற்றுக்கு ஒன்றுமில்லை. காலப்போக்கில் கணக்கு நேராகிவிடும். வாங்கியவருக்கோ செலவழித்ததற்கு மேல் ஒரு சல்லியும் நஷ்டமில்லை. கணித சாஸ்திரப்படி குற்றமற்ற ஏற்பாடு. எந்தக் கடைக்காரரிடம் இதைச் சொல்லிச் சம்மதம் வாங்குவது என்பதுதான் தெரியவில்லை.

நமது தேசத்தில் 2022-ல் வந்த யு.பி.ஐ. லைட், சுருக்குப் பையின் தத்துவத்தைக் கைக்கொண்டது. கொஞ்சம் பணத்தைக் கைப்பேசியில் தனியே ஒதுக்கிவிட்டால், ரகசிய எண் இல்லாமலே சில்லறைச் செலவு நடக்கும். பாங்கிக் கணக்கில் பை நிரப்பிய ஒரு வரி மட்டுமே ஏறும். ஆரம்பத்தில் ஒரு தடவைக்கு 200 ரூபாய் வரம்பு; பின்னர் உயர்த்தினார்கள். யு.பி.ஐ.யில் பாங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்துக்கு வியாபாரியிடம் கட்டணம் கூடாது என்று சர்க்கார் 2020 ஜனவரியில் விதித்தது. செலவு மாயமாய்ப் போய்விடவில்லை. பாங்கிகளும், மானியத்தின் வழியே நமது வரிப்பணமும் அதைச் சுமந்து வந்திருக்கின்றன.

இத்தனை வசதிக்குப் பிறகும் பத்திரிகைகள் பெரும்பாலும் சந்தாவையே கேட்கின்றன. ஒவ்வொரு தடவையும் "இது தகுமா?" என்று யோசிக்கும் சிரமத்துக்கே ஜனங்கள் அஞ்சுகிறார்கள் என்று நிக் ஸாபோ என்பவர் 1999-ல் எழுதினார். இருக்கலாம். ஆனால் விளம்பரக்காரர் முகம் கோணுமே என்று பேனாவை அடக்கிக்கொள்ளும் எழுத்தாளனுக்கு, படிக்கிறவர் நேராகத் தரும் ஒரு ரூபாய் சாமானியமல்ல. பத்தாயிரம் பேர் தலைக்கு ஒன்று கொடுத்தால், வருஷச் சந்தா கட்ட வழியில்லாத மாணவனும் அவர்களில் ஒருவனாயிருப்பான்.