குறி கேட்கும் வைத்தியம்

மருத்துவ மாணவர் செயற்கை அறிவுக்கு ஆயத்தமாயிருக்கின்றனரா என்று பல நாடுகளில் ஆராய்ச்சி நடைபெறுகின்றது. எவ்வாறு ஆராய்கின்றனர்? 2021இல் துருக்கி நாட்டறிஞர் இதற்கென 22 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டனர். ஒவ்வொன்றும் தமக்கு எவ்வளவு பொருந்துமென்று மாணவரே மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும்! கரையில் நிற்பவனிடம் நீந்தத் தெரியுமா என்று கேட்டு, அவன் தலையசைத்ததும் மதிப்பெண் போடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இதற்குப் பெயர் ஆயத்தமாயின் தேர்வு மண்டபங்களை இழுத்து மூடிவிடலாம்.

செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் பல் மருத்துவமும் மருந்தியலும் பயிலும் நம் பிள்ளைகளை நினைந்தே இதனை எழுதுகின்றோம். அவர்கள் நாளை பார்க்கப்போகும் நோயாளிகளுள் பலர், பால்மரத் தோட்டங்களில் உழைத்தவரும் அவர்தம் மக்களுமே. 2019ஆம் ஆண்டு நாட்டு ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு. மூன்று பெரும் இனத்தாருள் அது மிகுந்திருப்பது நம்மவரிடத்தே. நீரிழிவு கண்ணைக் கெடுப்பதை யாவரும் அறிவர்.

கண்ணின் உட்படத்தைப் பார்த்து அக்கேட்டைக் கண்டறியும் இயந்திரத்தைக் கூகுள் நிறுவனத்தார் 2016இல் அறிவித்தனர். அதற்குப் பாடமாக அமைந்த படங்களுள் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் உண்டு. தமிழன் கண் அந்த இயந்திரத்திற்கு ஆசானாயிற்று! ஆனால் தாய்லாந்து மருத்துவ நிலையங்களில் அதனை வைத்துப் பார்த்தபோது, 1,838 படங்களுள் 21 விழுக்காட்டை அது மதிப்பிட இயலாதென்று தள்ளிவிட்டதாக 2020ஆம் ஆண்டறிக்கை கூறிற்று. அறையில் வெளிச்சம் சரியாக அமையாதது ஒரு காரணம். தள்ளப்பட்ட படத்திற்குரியவர் இன்னொரு நாட்கூலியை இழந்து வேறு மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஆய்வுக்கூடத்தில் வென்ற கருவி, திரைச்சீலை கிழிந்த அறையில் தோற்கும் என்பதை எந்த 22 கூற்று கற்பிக்கும்?

இதனினும் கொடியது ஒன்றுண்டு. அமெரிக்காவில் யாருக்கு மிகுதியான கவனிப்பு வேண்டுமென்று தெரிந்தெடுத்த ஒரு கணிப்புமுறை, நோயின் கடுமையை அளக்காமல், மருத்துவத்திற்குச் செலவான பணத்தை அளந்ததென 2019இல் வெளியாயிற்று. கறுப்பின மக்களுக்குச் செலவிடப்பட்டது குறைவு; ஆகவே அவர்க்கு நோயும் குறைவென்று முடிவு கட்டிற்று! கூலி போகுமே என்று ஆஸ்பத்திரிப் படியேறாமலே காலந்தள்ளிய நம் தோட்டத்துத் தாயை அத்தகைய கணக்கு என்னவென்று சொல்லும்? உடல்நலமுடையவள் என்றுதான் சொல்லும்.

கோடங்கி சொன்னதே முடிவென்று உடுக்கையின் முன் உட்கார்ந்த பாட்டனை எள்ளி நகையாடும் பட்டதாரி, திரையில் "நோயில்லை" என்று தோன்றியவுடன் கைகட்டி நிற்பானாயின், உடுக்கை மாறிற்றேயன்றி மனம் மாறவில்லை என்போம். இயந்திரத்தைத் தொடவே கூடாதென்று தடைவிதிக்கும் ஆசிரியரும் அதே பாட்டனின் வழியினரே. அவருக்குத் தெய்வமாயிருந்தது இவருக்குப் பேயாயிற்று, அவ்வளவே. வேலை பறிபோகுமென்று அஞ்சுவோரைப்பற்றி இங்கு விரிக்கப்போவதில்லை. அது மருத்துவனின் கவலை. நாம் பேசுவது நோயாளியின் கவலை.

கல்லூரிகள் செய்யவேண்டுவது பெரிதன்று. இயந்திரம் சரியாகக் கணித்த பத்து நோயாளிகளின் விவரத்தையும், பிழையாகக் கணித்த பத்துப் பேரின் விவரத்தையும் கலந்து மாணவர் முன் வையுங்கள். எது பிழை, ஏன் பிழை என்று எழுதச் சொல்லுங்கள். விடைத்தாளைத் திருத்திய பிறகு அவர்தம் அபிப்பிராயத்தைக் கேளுங்கள்.