இரக்கத்தின் எசமானர்கள்

தரும ஸ்தாபனங்களை விமர்சிப்பது நம் மத்தியிலே பெரும் பாவமாகக் கருதப்படுகிறது. முதலாளியைக் கண்டிக்கலாம், மந்திரியைக் கண்டிக்கலாம், நரம்பு நோயாலும் முள்ளந்தண்டு முறிவாலும் கைகால் வழங்காத மனிதரைப் பராமரிக்கும் இல்லத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கக்கூடாதாம். "இவர்களும் இல்லாவிட்டால் அந்தப் பாவங்களின் கதி என்ன?" என்ற ஒரே கேள்வியால் நம் வாயை அடைத்துவிடுகிறார்கள். ஆனால் அக்கேள்வியை அந்த இல்லங்களில் வாழ்வோரிடமே கேட்டவர் எத்தனை பேர்?

கேளாமலே பதில் சொன்னவர்கள் இங்கிலாந்திலே இருந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டுவீச்சு விமானியாகப் புகழ் பெற்றவரும், நாகசாகி நகரம் அழிந்ததை வானிலிருந்து கண்டவருமான லெனாட் செஷயர், 1948இல் ஹாம்ஷயரிலுள்ள 'லெ கோர்ட்' என்னும் தமது மாளிகையில் சாகக்கிடந்த ஒருவரை ஏற்றுப் பராமரித்தார். அதிலிருந்தே பல நாடுகளுக்கும் பரவிய செஷயர் இல்லங்கள் பிறந்தன. அவருடைய நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. வைத்தியசாலை விடுதிகளில், மரணத்தை எதிர்நோக்கும் முதியோர் நடுவே கிடந்த இளைஞருக்கு லெ கோர்ட் ஒரு விடுதலையாகவே தோன்றியிருக்கும். தசைச் சிதைவு நோயினால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த போல் ஹண்ட் அத்தகைய இளைஞருள் ஒருவர்.

எனினும் அந்த விடுதலைக்கும் ஒரு வேலி இருந்தது. 1960களின் தொடக்கத்தில் ஹண்டும் தோழர்களும் நிர்வாகத்துடன் போராட நேர்ந்தது. அவர்கள் கேட்டவை எவை? தாம் உறங்கப்போகும் நேரத்தைத் தாமே தீர்மானிக்க வேண்டும். விரும்பினால் மது அருந்தலாம். ஆணும் பெண்ணும் பிறர் தலையீடின்றிப் பழகலாம். அதிகாரிகளுக்கு அறிவிக்காமல் வெளியே போய்வரலாம். இல்லத்தின் நிர்வாகத்திலும் தமக்குப் பங்கு வேண்டும். வளர்ந்த மனிதர் எவரும் யாரிடமும் கேட்டுப் பெறாத இவற்றைக் கேட்பதற்கே ஒரு போராட்டம்! இங்கே கூலிக்கு வேலைசெய்யும் பணியாளரை நாம் குறைகூற வரவில்லை. ஆள் குறைவு, வேலை அதிகம். பணியாளரின் முறை முடிகையில், பராமரிக்கப்படுபவரின் நாளும் முடிந்துவிடுகிறது. படுக்கை நேரத்தை நோய் தீர்மானிப்பதில்லை. கணக்குப் புத்தகமே தீர்மானிக்கிறது.

போராடியவர்கள் தமக்குத் துணையாகுமென்று நம்பி ஆய்வாளரையும் அழைத்தார்கள். அரசாங்கப் பணத்தில் ஆய்வு நடத்திய டாவிஸ்டொக் நிறுவனத்தின் எரிக் மில்லரும் ஜெரல்டின் குவினும் 1972இல் தம் முடிவை நூலாக வெளியிட்டனர். இல்லங்களில் சேர்க்கப்பட்டோர் சமூக அளவில் இறந்தவர்களாகிவிட்டனர்; அந்த மரணத்துக்கும் உடலின் மரணத்துக்கும் இடைப்பட்ட காலத்தைக் கடத்த உதவுவதே இல்லங்களின் பணி என்பது அவர்களின் கருத்து. நடுநிலை ஆராய்ச்சியாம்! ஹண்ட் அவர்களை ஒட்டுண்ணிகள் என்றே அழைத்தார். சொல் கடுமையானதுதான். ஆனால் உயிரோடிருக்கும் மனிதனைப் பிணமென்று எழுதியவர்களுக்கு அதைவிட மென்மையான சொல்லை அவர் ஏன் தேட வேண்டும்?

அதே 1972இல் அங்கவீனர் ஒன்றுதிரள வேண்டுமென்று 'கார்டியன்' பத்திரிகைக்கு ஹண்ட் கடிதம் எழுதினார். அதன் பயனாக எழுந்த சங்கம், உடற்குறை வேறு, அக்குறையுள்ளோர்மீது சமுதாயம் சுமத்தும் ஒடுக்குமுறை வேறு என்று 1976இல் பிரகடனம் செய்தது. சுரண்டலைப் பற்றிப் படித்த நமக்கு இந்த உண்மை புரியாமல் போவதற்கில்லை. ஆயினும் நமது மேடைகளில் அதைக் கேட்பது அருமை.

ஹண்ட் 1979இல் தமது 42ஆவது வயதளவில் மறைந்தார். அவ்வாண்டிலேயே லெ கோர்ட்வாசிகள் சிலர் 'புரொஜெக்ட் 81' என்ற திட்டத்தை வகுத்தனர். அவர்கள் புதுப்பணம் கேட்கவில்லை. தமக்காக இல்லத்துக்கு உள்ளூராட்சிச் சபைகள் செலுத்திய பணத்தைக்கொண்டு, சொந்த வீட்டில், தாமே தெரிந்தெடுத்த உதவியாளரை வைத்து வாழ அனுமதி கேட்டார்கள். 1980களின் முற்பகுதியில் சிலர் அவ்வாறே வெளியேறினர். உதவிப் பணத்தை உரியவரிடமே நேராகக் கொடுக்க இடமளித்த சட்டம் 1996இல் நிறைவேறிற்று. "இல்லம் இல்லாவிட்டால் கதி என்ன?" என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? ஆனால், மிகக் கடுமையான இயலாமையுடையோர் தம் வீட்டில் வாழ உதவுவதற்கென 1988இல் அமைக்கப்பட்ட சுதந்திர வாழ்வு நிதியைச் சிக்கனம் பேசிய அரசாங்கம் 2015இல் மூடிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். உரிமையாக வழங்கப்படாததைப் பறிப்பது எளிது.

யாரோடு, எங்கே வாழ்வது என்பதைத் தெரிவுசெய்யும் உரிமை அங்கவீனருக்கு உண்டு என்று ஐக்கிய நாடுகளின் சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை அதனை 2016இல் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட பின்னரும் நாம் செய்வது என்ன? பெற்றோரின் நினைவு நாளில் இல்லத்துக்கு மதிய உணவு கொடுக்கிறோம். உண்பவர் முன்னே நின்று படம் பிடிக்கிறோம். படம் எடுக்கச் சம்மதமா என்று கேட்பதில்லை. சோறு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அடுத்த முறை உணவுக்குப் பணம் கட்டும்போது, நிர்வாக சபையில் அங்கு வாழ்வோர் எத்தனை பேர் வாக்குரிமையோடு அமர்ந்திருக்கிறார்கள் என்று கேட்கும்படியே ஆசிரியர்களையும் மாணவர்களையும் வேண்டுகிறோம். பதிலை அங்கு வாழ்வோரிடமும் தனியே கேளுங்கள். பொறுப்பாளர் அருகில் இல்லாத நேரத்தில்.