ஒரே நாள்ல வந்த ரெண்டு தீர்ப்பு

2025 செப்டம்பர் 19. புதுசா ஹெச்1பி விசாவுக்கு மனு போடணும்னா 1,00,000 டாலர் கட்டணும்னு சொல்ற ஒரு பிரகடனத்துல அமெரிக்க அதிபர் டிரம்ப் கையெழுத்து போட்டார். இதுக்காக அவங்க காங்கிரஸ்ல விவாதமும் நடக்கலை, ஓட்டெடுப்பும் நடக்கலை. இன்ஜினியரிங் படிக்கிற நமக்கெல்லாம் அந்த வாரம் இதுதான் பேச்சு. "ஒரு ஆள் நினைச்சா இப்படி செஞ்சிட முடியுமா? தடுக்க யாருமே இல்லையா?"

நல்ல கேள்வி. ஆனா அதை அமெரிக்காவைப் பார்த்து மட்டும் கேட்டா போதாது. எங்க கம்பம் பக்கம் வாங்க. இந்தக் கேள்விக்கு எங்க வாய்க்கால் தண்ணியிலயே பதில் இருக்கு.

முதல்ல அமெரிக்காவை முடிச்சிடுவோம். 1952-ல கொரியப் போர் நடந்துட்டிருந்தப்போ, அதிபர் ட்ரூமன் தனியார் ஸ்டீல் ஆலைகளை அரசு கையில எடுத்தார். அவருக்கு அந்த அதிகாரம் இல்லைன்னு சுப்ரீம் கோர்ட் 6-3 கணக்குல சொன்னது. ட்ரூமன் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்துட்டார். அதுக்கு 120 வருஷம் முன்னாடி, 1832-ல, செரோக்கி பழங்குடி மக்களோட நிலத்துல ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லாதுன்னு அதே கோர்ட் சொன்னது. ஜார்ஜியா அதை மதிக்கலை. அதிபர் ஜாக்சனும் அமல்படுத்த முன்வரலை. சில வருஷத்துல அந்த மக்கள் ஊரை விட்டே விரட்டப்பட்டாங்க. வழியில செத்தவங்க மட்டும் பல ஆயிரம் பேர்.

ரெண்டு தடவையும் கோர்ட் கிட்ட இருந்தது வெறும் பேப்பர்தான். போலீஸ், பட்டாளம், கஜானா எல்லாம் அரசு கையில. அந்தப் பேப்பரை அரசு மதிக்கிற வரைக்கும்தான் அதுக்கு உயிர்.

இப்ப முல்லைப்பெரியாறுக்கு வருவோம். பென்னிகுவிக் கட்டி 1895-ல திறந்த அணை. முழுக் கொள்ளளவு 152 அடி. அணை பலமா இருக்கான்னு சந்தேகம் வந்ததால 1979-ல 136 அடியா குறைச்சாங்க. பலப்படுத்துற வேலைகள் நடந்துச்சு, வழக்கு நடந்துச்சு. 2006 பிப்ரவரி 27-ல, 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. அடுத்த மாசமே கேரள சட்டசபை ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்துச்சு: இந்த அணையில 136 அடிக்கு மேல தேக்கக் கூடாது. அவ்வளவுதான், தீர்ப்பு பேப்பரோட நின்னுபோச்சு. தமிழ்நாடு மறுபடி வழக்கு போட்டு, அஞ்சு நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டத்தை ரத்து பண்ணினது 2014 மே 7-ல. அந்த வருஷம் நவம்பர்லதான் தண்ணி 142 அடியைத் தொட்டுச்சு.

நடுவுல எட்டு வருஷம். எங்க பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணியை நம்பித்தான் இருக்கு. மதுரை, ராமநாதபுரம் வரைக்கும் போற தண்ணி இது. 2011 டிசம்பர்ல குமுளி எல்லையை நோக்கி எங்க ஊர் ஜனம் திரண்டு போனது, ஜெயிச்ச கேஸ்ல கிடைக்க வேண்டியது கிடைக்காத கோபமும் சேர்ந்துதான். கேரளாவுல அணைக்குக் கீழே இருக்கிறவங்க பயம் பொய்யுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பயத்தைச் சொல்ல வேண்டிய இடம் கோர்ட். அங்கே நிபுணர் குழு போட்டு மறுபடி பார்த்தாங்க, பாதுகாப்பா இருக்குன்னுதான் முடிவு வந்துச்சு.

இதுவரைக்கும் நீங்க தலையாட்டியிருப்பீங்க. இனிமேதான் கஷ்டம்.

அதே 2014 மே 7. அதே சுப்ரீம் கோர்ட். வேற ஒரு அமர்வு, தமிழ்நாட்டோட 2009 ஜல்லிக்கட்டுச் சட்டத்தை ரத்து பண்ணுச்சு. ஒரே நாள்ல ரெண்டு தீர்ப்பு. ஒண்ணுக்கு வெடி போட்டோம். இன்னொண்ணுக்கு, "எங்க பண்பாட்டுல கை வைக்க கோர்ட் யாரு"ன்னு கேட்டோம். பல்லவராயன்பட்டி வாடிவாசல் எங்களுக்குப் பக்கத்துலதான், அந்தக் கோபம் எனக்கும் புரியும். 2017 ஜனவரியில மெரினா போராட்டம் முடியுறதுக்குள்ள அவசரச் சட்டம், அப்புறம் சட்டசபையில திருத்தச் சட்டம்.

அப்போ கேரளா செஞ்சது தப்பு, நாம செஞ்சது மட்டும் சரியா? இதுக்கு நம்மள்ல நிறைய பேர் சொல்ற பதில், "அது வேற, இது வேற". எப்படி வேறன்னு கேட்டா பதில் வராது. பதில் இருக்கு, தெரிஞ்சு வெச்சுக்கணும்.

ஒரு சட்டத்துல ஓட்டை இருக்குன்னு கோர்ட் சொன்னா, அந்த ஓட்டையை அடைச்சு சட்டமன்றம் புதுச் சட்டம் போடலாம். 2017-ல மிருகவதைத் தடுப்புச் சட்டத்தையே தமிழ்நாட்டுக்காகத் திருத்தி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கினாங்க. அதையும் கோர்ட்ல எதிர்த்தாங்க. 2023 மே 18-ல அஞ்சு நீதிபதிகள் அமர்வு அதை ஏத்துக்கிச்சு. கேரளா விஷயத்துல, அணை பாதுகாப்பானதுன்னு ரெண்டு தரப்பையும் விசாரிச்சு கோர்ட் எடுத்த முடிவையே ஒரு சட்டம் போட்டு மாத்தப் பார்த்தாங்க. தன்னோட கேஸுக்குத் தானே நீதிபதியா உக்கார்ற மாதிரி. 1991-ல காவிரி நடுவர் மன்ற இடைக்காலத் தீர்ப்பைத் தடுக்க கர்நாடகா போட்ட அவசரச் சட்டத்தையும் இதே காரணத்துக்காகத்தான் செல்லாதுன்னு சொன்னாங்க.

"கோர்ட் மட்டும் தப்பே பண்ணாதா?" பண்ணும். எமர்ஜென்சி சமயத்துல, 1976-ல, ஒருத்தரை சும்மா பிடிச்சு உள்ளே போட்டாலும் கோர்ட்டுக்கு வர உரிமை இல்லைன்னு இதே சுப்ரீம் கோர்ட் 4-1 கணக்குல சொன்னது. அதைத் தப்புன்னு கோர்ட்டே சொல்ல 2017 ஆச்சு. அதனாலதான் ஒரு பூட்டு போதாது, பல பூட்டு வேணும்ங்கிறோம்.

ஆனா நம்ம ஊர்ல பூட்டு ஏற்கனவே கம்மி. அமெரிக்காவுல அதிபர் வேற, காங்கிரஸ் வேற. இங்கே சட்டசபையில மெஜாரிட்டி வெச்சிருக்கிற கட்சிதான் அரசாங்கம். 1985-ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டு போட்டா எம்எல்ஏ பதவியே போயிடலாம். அப்போ ஆளுங்கட்சி எம்எல்ஏ அரசாங்கத்தைத் தட்டிக் கேப்பாரா? மிச்சம் இருக்கிற பெரிய பூட்டு கோர்ட்தான். நமக்குப் பிடிக்காத தீர்ப்பு வர்றப்போ எல்லாம் அதை உடைக்கச் சொன்னா, அடுத்த முல்லைப்பெரியாறு தீர்ப்பை எதை வெச்சுக் காப்பாத்துவீங்க?

அடுத்த தடவை ஒரு தலைவர் "மக்கள் என் பக்கம், கோர்ட் என்ன சொன்னா என்ன"ன்னு பேசினா, கைதட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க. அவர் சட்டத்தைத் திருத்தக் கேக்குறாரா, இல்ல தீர்ப்பை மதிக்க வேண்டாம்னு சொல்றாரா? ரெண்டாவதுன்னா, அவர் உங்க கட்சியா இருந்தாலும் சரி, உங்க தண்ணிக்காகவே பேசினாலும் சரி, எதிர்த்துச் சொல்லுங்க. எட்டு வருஷம் காத்திருந்த ஊர்க்காரன் சொல்றேன்.